அபாத்தேயா என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அதில் அழுகைக்கு இடம் உண்டா?

கேள்வி: தலவாக்கலை உபதேசியார்

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபையில் உபதேசியாராகப் பணிசெய்கிறேன். லெந்து நாட்களில் புதன்கிழமை தோறும், கொழுந்து நிறுவை முடிந்து பெண்கள் வீடு வந்து சேர்ந்த பிறகு, ஆறரை மணியளவில் சிற்றாலயத்தில் கூடுகிறோம். ஆதித் திருச்சபையின் பாலைவனத் துறவிகளும் அவர்களுக்குப் பின் வந்த பிதாக்களும் ஜெபத்தைப் பற்றிச் சொன்னவற்றை இம்முறை எளிய தமிழில் எடுத்துச் சொல்ல விரும்பி, அபாத்தேயா, நூஸ், தெயோரியா, ஹெசுக்கியா, தெயோசிஸ் என்னும் ஐந்து கிரேக்கச் சொற்களுக்குக் குறிப்பு எழுதினேன்.

முதற்சொல்லிலேயே தவறிவிட்டேன். அபாத்தேயா என்பதற்கு ‘உணர்ச்சியின்மை’ என்று கரும்பலகையில் எழுதி, ஜெபத்தில் வளர்கிறவர் வந்துசேர வேண்டிய நிலை இதுவே என்று விளக்கினேன். கூட்டம் முடிந்து எல்லாரும் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்ட பின்னும், கடைசி வாங்கில் இருந்த ஓர் அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. மண்சரிவில் மகனைப் பறிகொடுத்தவர் அவர். தலையில் போட்டிருந்த துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, “அப்படியென்றால் நான் இன்னும் அழுவது ஆண்டவருக்குப் பிடிக்காதா, ஐயா?” என்று கேட்டார். “அப்படியில்லை அம்மா” என்று மட்டுமே சொன்னேன். ஏன் அப்படியில்லை என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த இரவு முழுவதும் அது என்னை உறுத்தியது.

அபாத்தேயாவுக்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது? அந்தப் பிதாக்கள் உண்மையில் அழுகையைக் களையத்தான் சொன்னார்களா? மற்ற நான்கு சொற்களிலும் நான் இவ்வாறே தவறியிருந்தால் அதையும் சுட்டிக்காட்டுமாறு வேண்டுகிறேன்.

பதில்: பதுளை ஓய்வுபெற்ற ஆசிரியர்

உபதேசியார் ஐயா, அந்த அம்மா கேட்டது ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்த கேள்வி. விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த எரோணிமுஸ், அபாத்தேயா பற்றிய போதனையைக் கடுமையாகத் தாக்கி எழுதிய கடிதம் ஒன்றில், இப்படிப்பட்ட நிலையில் இருப்பவன் ஒன்று கல்லாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கடவுளாகவே இருக்கவேண்டும் என்றார். சொல்லை நீங்கள் எழுதியவாறு புரிந்துகொண்டால் அவர் சொன்னது நியாயமே. ஆனால் அந்தச் சொல்லை வாழ்ந்தவர்கள் அதை அப்படிப் புரிந்துகொள்ளவில்லை.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். அசுத்தம், அநீதி என்பவற்றில் முன்னால் நிற்கும் எழுத்துச் செய்யும் வேலையைத்தான் கிரேக்கத்திலும் முதலெழுத்து செய்கிறது. மீதி இருப்பது பாத்தோஸ். ‘படுதல்’, ‘நேர்தல்’ என்று பொருள்படும் வினையிலிருந்து அது பிறந்தது. ஒருவன் தானாகச் செய்வதை அது குறிக்காது. அவனுக்கு வெளியிலிருந்தோ உள்ளிருந்தோ வந்து, அவனைப் பிடித்து, தன் போக்கில் இழுத்துச் செல்வதையே குறிக்கும். கொலோசெயர் 3:5இல் பவுல் இதே சொல்லை எழுதுகிறார். நம் பழைய தமிழ் வேதாகமம் அங்கே ‘மோகம்’ என்று பெயர்த்திருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளர்களின் காது நுட்பமானது என்றே நினைக்கிறேன். மோகம் என்றதும் ‘உணர்ச்சி’ என்று நாம் கேட்பதில்லை. கண்ணை மறைக்கும் ஒன்று என்றுதான் கேட்கிறோம். அது விலகுவதுதான் அபாத்தேயா.

சொல் முதலில் ஸ்தோயிக்கர்கள் என்னும் பழைய கிரேக்கத் தத்துவவாதிகளுடையது. அவர்கள்கூட ஞானியைக் கல்லாக்கவில்லை. மகிழ்ச்சி, நல்விருப்பம், எச்சரிக்கை என்னும் மூன்று நல்லுணர்வுகள் ஞானிக்கு உண்டு என்றார்கள். அலெக்சாந்திரியா நகரத்துக் கிளமெந்து அதைக் கிறிஸ்தவர்களின் பேச்சுக்குள் கொண்டுவந்தார். அதற்குப் பாலைவனத்தின் மணம் கொடுத்தவர் எவாக்ரியுஸ். 345ஆம் ஆண்டளவில் கருங்கடலின் தென்கரையில் உள்ள போந்துவில் பிறந்து, கொன்ஸ்தாந்திநோப்பிளில் புகழோடு இருந்து, பிறகு அதை விட்டு எகிப்தின் நித்திரியாவுக்கும் கெல்லியாவுக்கும் போய், 399இல் இறக்கும்வரை துறவிகளோடு வாழ்ந்தவர். ஆன்மாவில் விரும்பும் பகுதி, சினக்கும் பகுதி, அறியும் பகுதி என்று மூன்று உண்டு என்பது அவர் ஏற்றுக்கொண்ட பழைய பாகுபாடு. இவற்றில் எதையும் வெட்டி எறியும்படி அவர் சொல்லவில்லை. விரும்பும் பகுதி நற்பண்பை விரும்பும்போதும், சினக்கும் பகுதி அதற்காகப் போராடும்போதும், அறியும் பகுதி படைப்புகளின் உண்மையைக் காணும்போதும்தான் ஆன்மா தன் இயல்பின்படி இயங்குகிறது என்கிறார். ஆசையும் கோபமும் போய்விட்டால் விரும்புவதற்கும் போராடுவதற்கும் உள்ளே என்ன மிஞ்சும்?

‘பிராக்டிக்கோஸ்’ என்ற அவருடைய நூலில் ஒரு வரி வருகிறது: அன்பு அபாத்தேயாவின் குழந்தை, அபாத்தேயா நற்செய்கையின் மலர். உங்கள் குறிப்பில் இந்த ஒரு வரியை முதலில் வைத்திருந்தால், ‘உணர்ச்சியின்மை’ தானாகவே கீழே விழுந்திருக்கும். உணர்ச்சியில்லாத தாய்க்கு அன்பு என்ற பிள்ளை எப்படிப் பிறக்கும்?

கூட்டத்தில் சொல்ல ஓர் உவமை வேண்டுமானால், தேயிலைச் செடிகளைக் குட்டையாக நறுக்கிக் கவ்வாத்து வெட்டிய மலையைச் சொல்லுங்கள். கத்தி போன பிறகு அந்த மலையைப் பார்த்தால் எல்லாம் பட்டுப்போன குச்சியாகவே தெரியும். புதிதாக வந்தவர் செத்துவிட்டது என்பார். சில வாரம் கழித்து, வெட்டுவாய்க்குக் கீழே சிவந்த கண்விட்டுத் தளிர் எழுவதை உங்கள் சபையார் ஒவ்வொருவரும் பார்த்திருக்கிறார்கள்.

தமிழ்ச் சொல்லாக ‘மோகம் தெளிதல்’ என்பதை முன்வைக்கிறேன். எவாக்ரியுஸின் போதனையை மேற்கே கொண்டுபோன யோவான் கசியானும் இந்தச் சிக்கலை உணர்ந்தவர் போலும். கிரேக்கச் சொல்லை இலத்தீனில் அப்படியே வைக்காமல், ‘இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள்’ என்ற மலைப்பிரசங்க வாக்கியத்தைப் பின்பற்றி ‘இருதயச் சுத்தம்’ என்றே எழுதினார். தோட்டத்துச் சபைக்கு அதுவும் நன்றாகப் பொருந்தும்.

நூஸ் என்பதற்கு ‘மனம்’ என்று எழுதியிருப்பீர்கள். வேதாகமமும் ரோமர் 12:2இல் அப்படித்தான் பெயர்க்கிறது. ஆனால் “மனசு சரியில்லை” என்று நாள்தோறும் சொல்கிறோமே, அந்த மனசு வேறு. கடவுளை நேராக அறிவதற்கென்று மனிதனுக்குள் வைக்கப்பட்ட கண்ணையே பிதாக்கள் நூஸ் என்றார்கள். ‘அகக்கண்’ என்பது நெருங்கி வருகிறது. தெயோரியாவுக்குத் ‘தரிசனம்’ என்று போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம்மவரிடையே தரிசனம் என்றால் கனவில் ஓர் உருவம் தோன்றியதாகவே பொருள். எவாக்ரியுஸோ ஜெபிக்கும் நேரத்தில் எந்த உருவத்தையும் வடிவத்தையும் நிறத்தையும் தேடாதே என்று எச்சரித்தவர். புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் ஒரே ஓரிடத்தில், லூக்கா 23:48இல் வருகிறது. சிலுவையின் அடியில் கூடியவர்கள் பார்த்த ‘காட்சி’ அது. நானாக இருந்தால் காட்சி என்ற அந்த எளிய சொல்லையே வைத்துக்கொள்வேன்.

பதில்: அப்புத்தளை ஞாயிறுபாடசாலை ஆசிரியை

ஆசிரியர் ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன், நன்றி. ஆனாலும் இரண்டு இடங்களில் நான் மறுத்துப் பேசவேண்டியிருக்கிறது.

முதலாவது கவ்வாத்து. என் அப்பா பல ஆண்டுகள் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். வெட்டுவது எவாக்ரியுஸின் சொல்லில் பிராக்டிக்கே, அதாவது நோன்பும் விழிப்பும் பொறுமையும் கொண்ட நாளாந்தப் பயிற்சி; அபாத்தேயா அதன் பின்னே வரும் தளிர். ஐயாவுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் கூட்டத்தில் இருப்பவர்கள் வெட்டுண்ட குச்சியையே அபாத்தேயா என்று எடுத்துக்கொள்ளக்கூடும், அதிலும் பிள்ளையை இழந்தவரிடம் ‘வெட்டு’ என்று பேசுவது கொடிது. இன்னொன்று: செடி தாங்கட்டும் என்று ஓரத்தில் ஓரிரு கிளைகளை இலையோடு விட்டு வெட்டும் முறையும் உண்டு. அந்தக் கிளையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. எவாக்ரியுஸ் பட்டியலிட்ட எட்டுத் தீய எண்ணங்களில் துக்கமும் ஒன்று, கிரேக்கத்தில் லூப்பே. இதை மறைத்துவிட்டு ‘பிதாக்கள் அழுகையை ஏற்றார்கள்’ என்று மட்டும் சொன்னால், பிறகு அந்த அம்மா வேறெங்காவது அந்தப் பட்டியலைக் கேட்டு இரண்டாம் முறை காயப்படுவார். ஆகவே பிதாக்கள் வேறுபடுத்திய விதத்தை நாமும் வேறுபடுத்தவேண்டும். லூப்பே என்று எவாக்ரியுஸ் அஞ்சியது, இழந்த ஊரையும் வீட்டையும் பழைய வாழ்வையும் நினைத்து நினைத்து உள்ளே சுருண்டு, கடைசியில் ஜெபத்தையே நிறுத்திவிடும் சோர்வை. அதே எவாக்ரியுஸ், ஜெபத்தைப் பற்றிய நூலின் தொடக்கத்திலேயே, முதலில் கண்ணீரின் வரத்துக்காக ஜெபி, ஆன்மாவின் கரடுமுரடை அது இளக்கும் என்கிறார். கண்ணீரை வரம் என்று அழைத்தவர் உணர்ச்சியின்மையைப் போதித்திருக்க முடியாது.

இந்த நல்ல அழுகைக்கு அவர்கள் வைத்த பெயர் பெந்தோஸ். ‘துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள்’ என்று மத்தேயு 5:4இல் இருக்கிறதே, அந்தத் துயரம் இதே வேரிலிருந்து வந்த சொல். இதனோடு சேர்ந்து வருவது கத்தானுக்சிஸ். பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பேச்சைக் கேட்டவர்கள் ‘இருதயத்திலே குத்தப்பட்டவர்களாகி’ என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம், அந்தக் குத்துதான். ஏழாம் நூற்றாண்டில் சீனாய் மலையில் மடாதிபதியாக இருந்த யோவான் கிளிமாக்குஸ் எழுதிய ‘ஏணி’யில் முப்பது படிகள் உண்டு, ஏழாம் படி மகிழ்ச்சியைப் பிறப்பிக்கும் பெந்தோஸ், இருபத்தொன்பதாம் படி அபாத்தேயா, அதற்கும் மேலே முப்பதாம் படியில் அன்பு. நாம் அற்புதம் செய்யவில்லை என்பதற்காகவோ இறையியல் பேசவில்லை என்பதற்காகவோ மரணத்துக்குப் பின் கேட்கப்படமாட்டோம், இடைவிடாமல் துயரப்படவில்லை என்பதற்காகவே கேட்கப்படுவோம் என்று அந்த ஏழாம் படியை அவர் முடிக்கிறார்.

ஆயினும் உண்மையைச் சொன்னால், பெந்தோஸ் பெரும்பாலும் தன் பாவத்துக்காகவும் கடவுளை விட்டு விலகிய தூரத்துக்காகவும் அழும் அழுகை. மகனுக்காக அழும் தாயிடம் “உங்கள் கண்ணீர் பெந்தோஸ்” என்று சொன்னால், அவருடைய பிள்ளையை அவரிடமிருந்து மறுபடியும் எடுத்துக்கொள்வதாகிவிடும். அவருக்கு வேறு ஒரு சொல் இருக்கிறது. மெத்ரியோபாத்தேயா. துக்கத்தை ஒழிப்பது அன்று, துக்கத்துக்கு அளவு கண்டுகொள்வது. செத்தவர்களுக்காகத் துயரப்படுவோரைப் பற்றிப் பேசும்போது பசிலியார், நீசாவின் கிரகோரியார் முதலான கப்பதோக்கியப் பிதாக்கள் எடுத்த வழி இதுதான்.

அதற்கு அவர்கள் வீட்டிலேயே சான்று உண்டு. 379ஆம் ஆண்டளவில் பேராயர் பசிலியார் இறந்தபோது, அவருடைய தம்பி நீசாவின் கிரகோரியார் அந்தத் துக்கத்தோடு அக்கா மக்ரீனாவைப் பார்க்கப் போனார். அக்காவும் அப்போது மரணப்படுக்கையில் இருந்தார். அக்காவைக் கண்டதும் தம்பி உடைந்துவிட்டார். ‘ஆன்மாவும் உயிர்த்தெழுதலும்’ என்ற உரையாடலின் முதற்பக்கத்தில் கிரகோரியாரே எழுதுகிறார்: குதிரையைப் பழக்கத் தெரிந்தவர்கள் செய்வதுபோல, அக்கா முதலில் என் துக்கத்தின் வேகத்துக்குக் கடிவாளத்தை விட்டுக்கொடுத்தார், அதன் பிறகுதான் பேச்சால் மெல்லப் பிடித்தார். அறிவுரையை முதல் வார்த்தையாக அவர் வைக்கவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அடுத்த புதன்கிழமை வேறெதையும் எடுக்காமல் இந்த ஒரு பக்கத்தையே எடுப்பேன். நுவரெலியாவில் ஏப்ரல் மாதத்துப் பந்தயக் குதிரைகளைப் பார்த்த நம்மவர்களுக்குக் கடிவாளத்தை விட்டுப்பிடிப்பது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

பதில்: அட்டன் வாசகர்

மேலே இருவரும் விட்ட இரண்டு சொற்களுக்குச் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஹெசுக்கியாவைச் ‘சும்மா இருத்தல்’ என்று பெயர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அருணகிரிநாதர் வழியாக அது தமிழில் மிக ஆழமான சொல்லாக இருந்தாலும், நம் தோட்டங்களில் சும்மா இருப்பது என்றால் பேர் விழாமல் இருப்பது, அதாவது வேலையில்லாத நாள். ‘அமைதல்’ என்ற வேதாகமச் சொல் நல்லது. 1 தீமோத்தேயு 2:2இல் ‘அமைதலுள்ள ஜீவனம்’ என்று வருவது இந்த வேரிலிருந்துதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில், சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி கேட்டுக்கொண்டிருக்க, அமைதலுக்கு எங்கே போவது என்று உங்கள் சபையில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். எகிப்தின் அம்மா சிங்கிளேத்திக்கா சொன்னதை அவர்களுக்குச் சொல்லுங்கள்: கூட்டத்தின் நடுவே வாழ்ந்துகொண்டே உள்ளத்தில் தனித்திருக்க முடியும், தனியே வாழ்ந்துகொண்டே எண்ணங்களின் கூட்டத்தில் சிக்கியிருக்கவும் முடியும்.

தெயோசிஸ் என்பதற்குத் ‘தெய்வமாதல்’ என்று எழுதியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். நம்மிடையே ஒருவர் தெய்வமாகிவிட்டார் என்றால் அவர் செத்துவிட்டார் என்று பொருள், அல்லது அவருக்குக் கல் நட்டுப் படையல் வைக்கிறார்கள் என்று பொருள். 2 பேதுரு 1:4 ஏற்கெனவே வழி காட்டியிருக்கிறது: ‘திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்களாகும்பொருட்டு’. நாம் தேவராக்கப்படும்படி அவர் மனிதரானார் என்று நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியுஸ் எழுதியபோது, மனிதன் தன் சுபாவத்தை இழந்து வேறொன்றாக மாறுவதை அவர் சொல்லவில்லை. உலையில் இட்ட இரும்பு நெருப்பாய் ஒளிவிட்டுச் சுடும், ஆனாலும் இரும்பாகவே இருக்கும் என்பது ஒரிகேன் காலத்திலிருந்து வரும் உவமை. ‘தேவ சுபாவத்தில் பங்குபெறுதல்’ என்று நீளமாகவே எழுதுங்கள். நீளம் இங்கே குற்றமில்லை.

தலவாக்கலை உபதேசியார்

மூவருக்கும் என் உள்ளம் நிறைந்த நன்றி. கரும்பலகையில் எழுதிய சொல்லைக் கூட்டத்தார் முன்னிலையிலேயே அழித்தேன். நான் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன் என்றும் சொன்னேன். ‘மோகம் தெளிதல்’ என்று எழுதி, அதன் கீழே ‘இருதயச் சுத்தம்’ என்றும் எழுதினேன். கவ்வாத்தை எடுக்கவில்லை. ஆசிரியை சொன்னபடி மக்ரீனாவின் பக்கத்தை மட்டும் மெதுவாகச் சொன்னேன். ‘இயேசு கண்ணீர் விட்டார்’ என்ற யோவான் 11:35ஐ ஒரு சிறு பிள்ளை வாசித்தாள்.

அந்த அம்மா இம்முறை இரண்டாவது வாங்கில் இருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, “அந்த அக்கா தம்பியை எவ்வளவு நேரம் அழவிட்டார்?” என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்புத்தளை ஞாயிறுபாடசாலை ஆசிரியை

நூலில் நேரம் குறிப்பிடப்படவில்லை ஐயா. சிறிது என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இத்தனை உரையாடலும் முடிந்து, உயிர்த்தெழுதலைப் பற்றி அக்கா சொன்ன யாவற்றையும் கேட்ட பிறகு, அடுத்த நாள் மாலை மக்ரீனா இறந்தார். கண்களை மூடவும் உடலை ஒழுங்குபடுத்தவும் அவர் தம்பியின் கையையே கேட்டிருந்தார். சுற்றியிருந்த கன்னியர் அடக்கி வைத்திருந்த அழுகை வெடித்தபோது, வெள்ளத்தில் அகப்பட்டதுபோல் என் அறிவும் மூழ்கிவிட்டது, நானும் முழுவதுமாக அழுகைக்கு என்னை விட்டுக்கொடுத்தேன் என்று அக்காவின் வாழ்க்கை வரலாற்றில் கிரகோரியார் எழுதியிருக்கிறார். அப்போது அவர் பேராயர்.